அப்பாதான் முதல்ல

"ஆ காட்டு பாப்பா. ஒரே ஒரு தடவை. அப்பா தொடமாட்டேன், பார்க்க மட்டும்தான் செய்வேன்."

பாப்பா ஆ காட்டவில்லை. இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக்கொண்டு, அப்பாவையே பார்த்தபடி நின்றாள்.

அப்பா தரையில் மண்டி போட்டிருந்தார். ஒரு கையில் டார்ச். இன்னொரு கையில் பெயின்ட் கடை ஷேட் கார்டு. பல்லைப் பார்க்க ஷேட் கார்டு எதற்கு என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

அவர் பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறவர். கடையில் எல்லோரும் கலர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். கடையில் மெஷின் இருக்கிறது. ஆனால் வெள்ளை என்று வந்துவிட்டால் முதலாளி மெஷினை நம்பமாட்டார், இவருடைய கண்ணைத்தான் நம்புவார். அந்தக் கார்டில் வெள்ளை மட்டும் முப்பத்தெட்டு வகை. உங்களுக்கும் எனக்கும் முப்பத்தெட்டும் ஒன்றுதான். அவருக்கு ஒவ்வொன்றும் தனி ஆள்.

மூன்று நாளைக்கு முன்னால் பாப்பாவுக்குப் பல் தேய்த்துவிட்ட மனைவி, பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"கீழ் கடைவாய்ப் பல்லுல ஏதோ கறை மாதிரி தெரியுதுங்க. டாக்டர்கிட்ட காட்டணும்."

"எந்த டாக்டர்?"

"பல்லைக் கண் டாக்டர்கிட்டயா காட்டுவாங்க?"

அந்த நிமிஷத்திலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாப்பாவுக்கு நாலரை வயசு. இருபதே இருபது பல். அதில் ஒன்று பழுதாகி, அது வேருக்கு இறங்கி, அடுத்ததற்குப் பரவி, பிள்ளை ராத்திரி பூரா அழுவதாகவெல்லாம் அவர் மனசு படம் ஓட்டியது. கறை வெளிர் மஞ்சளாக இருந்தால் பரவாயில்லை, காப்பிப்பொடி நிறமாக இருந்தால் ஆபத்து என்று ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வைத்திய உண்மையை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவராகவே கண்டுபிடித்தார். கார்டில் பதினேழாம் நம்பருக்குள் இருந்தால் டாக்டர் வேண்டாம். தாண்டினால் போகத்தான் வேண்டும்.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர் என்றாலே அவருக்குப் பயம். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு பல் ஆஸ்பத்திரி இருந்தது. அதன் போர்டில் பெரிதாக ஒரு பல் சிரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல் ஆறு வருஷமாகச் சுற்று வழியில் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். அதே ஆறு வருஷமாக வலது பக்கம் எதையும் மென்றதில்லை. தண்ணீர் குடித்தால் தலை இடது பக்கம் சாயும். சட்டைப் பையில் எப்போதும் நாலு கிராம்பு. பல் வலியா என்று மனைவி ஆரம்பத்தில் கேட்டதுண்டு. இல்லை என்றார். அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

சரி, பாப்பா வாய்க்கு வருவோம்.

சிரிக்க வைத்தால் வாய் திறக்கும் என்று தோன்றியது. பிளாஸ்டிக் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஹாலில் ஆடினார். பாப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மூக்கால் சிரித்தாள். வாளிதான் கழற்ற வரவில்லை.

மறுநாள் பாடச் சொன்னார். வாயை மூடிக்கொண்டே முனகிப் பாடினாள், சுருதி சுத்தமாக. அதற்கு மறுநாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. மெதுவாக ஒரு விரலை உதட்டுக்கு நடுவே விட்டுப் பார்த்தார்.

பாப்பா கடித்துவிட்டாள்.

நல்ல கடி. விரலில் மேலே நாலு, கீழே நாலு என்று அச்சு அடித்த மாதிரி பதிந்திருந்தது. அந்த அச்சைப் பார்த்தாலே இவள் பல்லுக்கு ஒரு குறையும் இல்லை என்று யாரும் சொல்லியிருப்பார்கள். அவருக்கு அது தோன்றவில்லை. விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

அன்றைக்கென்று ஒரு டீச்சரம்மா வந்து ஒன்பதாம் நம்பர் வெள்ளை கேட்டார், ஹாலுக்கு அடிக்க. கலர்காரர் டப்பாவைத் திறந்தார். பாப்பா பல்லை நினைத்தார். கட்டுப் போட்ட விரலால் சிவப்புச் சாயத்தை ஒரு சொட்டு விடவேண்டிய இடத்தில் எத்தனை சொட்டு விட்டார் என்பது அவருக்கே தெரியாது. மூடி, குலுக்கி, அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் டீச்சரம்மா திரும்பி வந்தார். கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஹாலுக்குள்ள காலெடுத்து வச்சா, யாரோ வாயைத் திறந்து வச்சிருக்க, உள்ள நுழையற மாதிரி இருக்கு," என்றார். "நாலு பக்கமும் ஈறு."

முதலாளி கலர்காரரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னய்யா ஆச்சு உங்களுக்கு?"

"பாப்பா பல்லுல கறைங்க."

"அதுக்கு ஊரார் வீட்டுச் சுவரை ஏன் பழி வாங்குறீங்க? முதல்ல அதைப் பார்த்துட்டு வாங்க. அதுவரைக்கும் வெள்ளையைத் தொட வேணாம். பச்சை, ஊதான்னு ஏதாவது கலக்குங்க."

இருபது வருஷ சர்வீஸ். வெள்ளையைத் தொடாதே என்று ஒருத்தர் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கு அடிக்கிற பச்சையைக் கலக்கிக்கொண்டிருந்தார். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் மனைவி தயாராக இருந்தாள். அவளுக்கு பஸ் டிப்போவில் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று நேர அட்டவணை போடுகிறவள். நாற்பது பஸ்ஸை ஒன்றோடொன்று இடிக்காமல் ஓட்டிவிடுவாள்.

"சனிக்கிழமை பத்து மணிக்குச் சொல்லியாச்சு. நீங்கதான் பாப்பாவைக் கூட்டிட்டுப் போகணும்."

"நானா? நீ போயேன்மா. உன்கிட்டதான் அவ அடங்குவா."

"எனக்கு அன்னைக்குப் புது ரூட் ஆரம்பிக்குது. நான் போகலைன்னா நாப்பது பஸ்ஸும் டிப்போ வாசல்லயே நிக்கும். நிக்கட்டுமா?"

பஸ்ஸெல்லாம் நின்றால் தேவலை என்றுதான் அவருக்கு இருந்தது. அதைச் சொல்ல முடியுமா? எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். அந்தச் சிரிக்கிற பல் போர்டுதான்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு நோட்டீஸை ஒட்டிவைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். 'உங்கள் குழந்தையின் முதல் பல் பரிசோதனை' என்று தலைப்பு. முதல் பல் முளைத்ததுமே அழைத்து வந்திருக்கவேண்டும் என்றது முதல் வரி. நாலரை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவருக்குக் குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது. ஊசி, வலி என்ற பேச்சையே எடுக்காதீர்கள் என்றது அடுத்த வரி. வீட்டில் டாக்டர் விளையாட்டு விளையாடுங்கள் என்றது அதற்கு அடுத்தது. கடைசியில், பெற்றவர்களுடைய பயம் பிள்ளைக்கும் தொற்றிக்கொள்ளும் என்று எழுதியிருந்தது. அதை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

சரி, விளையாடிவிடுவோம். சாய்வு நாற்காலியை ஜன்னல் ஓரம் போட்டார். துண்டை எடுத்துப் பாப்பா கழுத்தில் கட்ட வந்தார். ஒரு ஸ்பூனும் தயார்.

"வா பாப்பா, நீ பேஷன்ட். நான் டாக்டர்."

"அப்பாதான் முதல்ல," என்றாள் பாப்பா, ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டு.

உட்கார்ந்தார். ஆ காட்டினார். பாப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். இடது பக்கம் இரண்டு தட்டு. மேலே ஒரு தட்டு. அப்புறம் வலது பக்கம் கீழே, ஆறு வருஷமாக அவர் யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்த அந்தப் பல்லின் உச்சந்தலையிலேயே ஸ்பூனால் ஒன்று போட்டாள்.

அவர் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"வலிக்குதாப்பா?"

"இல்லடா. பாட்டுப் பாடினேன்."

"என்ன பாட்டு?"

என்ன பாட்டு என்று சொல்வார்? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார். பயம் தொற்றிவிட்டது. இனிமேல் இந்தப் பிள்ளை ஜன்மத்துக்கும் வாயைத் திறக்காது. கறை பரவும். எல்லாம் தன்னால்தான். கெட்டதைச் சரிபண்ண ஒரு வழிதான் இருப்பதாகப் பட்டது.

"பாப்பா, சனிக்கிழமை அங்க போனதும் அப்பா முதல்ல உட்காருவேன். டாக்டர் அப்பா பல்லைப் பார்ப்பாங்க. அப்பா அழவே மாட்டேன். அப்புறம் நீ ஆ காட்டணும். சரியா?"

"நீ முழுசா முடிக்கணும்."

"முழுசா முடிக்கிறேன்."

பாப்பா சுண்டு விரலை நீட்டினாள். அவரும் நீட்டினார். எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற ரகம் அவர்.

சனிக்கிழமை வந்துவிட்டது. சிரிக்கிற பல்லுக்குக் கீழே கலர்காரர் நின்றுவிட்டார். பாப்பாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே போனதும் செருப்பைக் கழற்றி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். மூலையில் அடுக்கியிருந்த ஸ்டூல்களில் சிவப்பை மட்டும் உருவி எடுத்து, மீன் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். என்ன தைரியம் என் பிள்ளைக்கு என்று அவர் பூரித்துப்போனார். தன்னைப் போல் இல்லையே என்று ஒரு நிம்மதி.

டோக்கன் கொடுக்கிற பெண் சிரித்தாள். "உள்ள போங்க சார். பாப்பாவும் வரட்டும்."

டாக்டரம்மா மெதுவாகப் பேசுகிறவர். "யாரு முதல்ல?" என்று கேட்டார்.

"அப்பாதான் முதல்ல," என்றாள் பாப்பா.

"சும்மா நடிச்சாப் போதும் டாக்டர்," என்று கலர்காரர் கிசுகிசுத்தார். "நான் உட்கார்ந்து எழுந்தா அவ உட்காருவா. கறை அவளுக்குத்தான்."

"சும்மா எண்ணிப் பார்ப்போம் சார். சாஞ்சுக்குங்க."

நாற்காலி பின்னால் சாய்ந்தது. அவருடைய சட்டைப் பையிலிருந்து கிராம்பு ஒவ்வொன்றாக உருண்டு வந்து தரையில் விழுந்தது. நாலையும் டாக்டரம்மா பார்த்தார். பாப்பா பொறுக்கி எடுத்து டிரேயில் வரிசையாக வைத்தாள்.

கலர்காரர் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சீலிங்குக்கு இருபத்திரண்டாம் நம்பர் அடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு இருபத்திரண்டா அடிப்பார்கள் என்று அந்த நிலைமையிலும் ஒரு வருத்தம்.

"இது எவ்வளவு நாளா வலிக்குது?"

"எது டாக்டர்?"

வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியின் பிடியால் டாக்டரம்மா லேசாக ஒரு தட்டுத் தட்டினார்.

"ஆறு வருஷம்," என்றார் கலர்காரர்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விரல் விட்டு எண்ணினார். ஒன்றுக்கு ரூட் கெனால். ஒன்றைப் பிடுங்கியே ஆகவேண்டும். இரண்டை அடைக்கவேண்டும். நாலு தடவை வரவேண்டியிருக்கும்.

"அதெல்லாம் கிடக்கட்டும் டாக்டர். பாப்பாவைப் பாருங்க."

டாக்டரம்மா பாப்பா பக்கம் திரும்பினார். பாப்பா உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அப்புறம் உதட்டை ஒரு நூல் அளவுக்குத் திறந்து, "அப்பா முழுசா முடிக்கல," என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

"குழந்தைங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது சார். ஒரு தடவை அழுத்திப் பிடிச்சுப் பார்த்தா ஆயுசுக்கும் பயம் போகாது. அவளே தயாராகட்டும்."

"அதுக்குள்ள கறை வேர் வரைக்கும் போயிட்டா?"

"அப்ப நீங்க சீக்கிரம் முடிங்க," என்றார் டாக்டரம்மா, கையுறையை மாட்டிக்கொண்டே.

அன்றைக்கே இரண்டை அடைத்தார்கள். வாயெல்லாம் மரத்துப்போய், உதடு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் வீட்டுக்கு வந்தவர், மனைவியிடம் பேசியது அவருக்கே புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது.

"நாலு தடவையா? அடப்பாவமே. சரி, போயிட்டு வாங்க. பாப்பாவுக்காகத்தானே?"

"கறை எப்படி இருக்கு?"

"காலையில பார்த்தப்ப கொஞ்சம் பெரிசான மாதிரி இருந்துச்சு," என்றாள் அவள், அட்டவணையிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதைக் கேட்ட பிறகு மனுஷன் எப்படிப் போகாமல் இருப்பார்? அடுத்த சனிக்கிழமை ரூட் கெனால். ஒன்றேகால் மணி நேரம். பாப்பா சிவப்பு ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவருடைய சுண்டு விரலைப் பிடித்திருந்தாள். அவர் அழவில்லை. சத்தியமாக அழவில்லை, கண் மட்டும் தன்பாட்டுக்கு ஒழுகியது. எழுந்ததும், "இப்ப ஆ காட்டுடா," என்று குழறினார். பாப்பா விரலை மடக்கி, "இன்னும் ரெண்டு இருக்கு," என்று கணக்குச் சொன்னாள்.

கடையில் ஊதா கலக்கினார். இரண்டு பக்கமும் மெல்ல முடியவில்லை. சரியான ஒன்பதாம் நம்பருக்காக டீச்சரம்மா தினமும் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

மூன்றாவது சனிக்கிழமை பிடுங்கும் நாள். டோக்கன் பெண் பெயரைக் கூப்பிட்டதும், "இதோ," என்று எழுந்தவர் நேராகக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார். அங்கிருந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். முடியாது. இதற்கு மேல் முடியவே முடியாது.

அவருக்கு ஆறு வயசு இருக்கும்போது, ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி மாமா கூட்டிக்கொண்டு போனார். போனது பல் ஆஸ்பத்திரிக்கு. மாமா காலைப் பிடித்துக்கொண்டார், இன்னொருத்தர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடுங்கி முடித்ததும் ஐஸ்கிரீம் கேட்டார். பல் பிடுங்கினால் ஐஸ்கிரீம் ஆகாது என்று மாமா அதையும் இல்லையென்றுவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கைகள் இன்னும் அவருடைய காலை விடவில்லை.

எதிரே உயரத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. திரை போட்டிருந்தது. அந்த வழியாகத் தப்பித்துவிடலாம் என்று தோன்றியது. தொட்டி மேல் ஏறினார்.

கதவை யாரோ கீழ்ப்பக்கமாகத் தட்டினார்கள்.

"அப்பா, அந்த ஜன்னல்ல திரைக்குப் பின்னால கம்பி இருக்கு."

அவர் திரையை விலக்கினார். கம்பி இருந்தது.

"அப்பா, பயமா இருக்கா?"

இல்லை, பாட்டுப் பாடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் வரவில்லை. "ஆமாண்டா," என்றார். "ரொம்பப் பயமா இருக்கு."

"நான் கையைப் பிடிச்சுக்கிறேன். காலைப் பிடிக்க மாட்டேன்."

காலைப் பற்றி எப்போதோ அவர் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார். அது பிள்ளை காதிலும் விழுந்திருக்கவேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பிள்ளைக்கு அந்தப் பயத்தைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது, செத்தாலும் கூடாது என்று முடிவு செய்தார். இறங்கினார், முகம் கழுவினார், தாழ்ப்பாளைத் திறந்தார். பல் மூன்று நிமிஷத்தில் வந்துவிட்டது. ஆறு வருஷ உபத்திரவம், டிரேயில் ஒரு கடலை அளவுக்குக் கிடந்தது.

நாலாவது சனிக்கிழமை ரூட் கெனால் செய்த பல்லுக்குத் தொப்பி மாட்டினார்கள். பல்லுக்கு நிறம் பார்க்க டாக்டரம்மா தன்னுடைய ஷேட் கார்டை எடுத்தபோது கலர்காரர் படுத்தபடியே கையை நீட்டி அதை வாங்கி, தன் பல்லுக்குப் பொருத்தமான நம்பரைத் தானே காட்டினார். டாக்டரம்மா அசந்துபோனார்.

"முடிஞ்சுது சார். முழுசா முடிஞ்சுது."

பாப்பா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். நாற்காலியில் ஏறினாள். பக்கத்தில் இருந்த பொத்தானைத் தானே அழுத்திச் சாய்த்துக்கொண்டாள். வாயைப் பிளந்தாள்.

கலர்காரர் டார்ச்சோடு பாய்ந்தார். மேலே பத்து, கீழே பத்து. ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைவாயில் இரண்டு தடவை பார்த்தார். கறையும் இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. இருபதும் ஒன்பதாம் நம்பர் வெள்ளை, டீச்சரம்மா ஹாலுக்குப் போயிருக்கவேண்டிய அதே வெள்ளை.

"கறை எங்க டாக்டர்?"

"எந்தக் கறை சார்?" என்றார் டாக்டரம்மா, கை கழுவிக்கொண்டே.

தேய்த்துத் தேய்த்தே போயிருக்கும் என்று அவர் சமாதானம் செய்துகொண்டார். எப்படிப் போனால் என்ன, பிள்ளை தப்பித்தது. தலை நிமிர்ந்து வெளியே வந்தார். திங்கட்கிழமை முதலாளியிடம் போய் வெள்ளையைத் திரும்பக் கேட்கலாம். பாப்பா சிவப்பு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அடுக்கில் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை, யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது.

"பார்த்தீங்களாம்மா," என்றார் டோக்கன் பெண்ணிடம். "முதல் தடவை பல் டாக்டர்கிட்ட வர்ற பிள்ளைன்னு யாராவது சொல்லுவாங்களா?"

ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்த டோக்கன் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"பாப்பா முதல் பல்லு முளைச்சதுல இருந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அம்மாகூட வந்துட்டுத்தான் இருக்கா சார். முதல் தடவைன்னு அவங்க அம்மா டோக்கன் சொல்லி வச்சதே உங்க பேருக்குத்தான்."